கொழும்பில் தமிழில் ராப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கொம்பனித்தெரு, வெள்ளவத்தை என்று பல பக்கத்துப் பிள்ளைகளும், சில நேரம் அவர்களுடைய அம்மா அப்பாமாரும் கேட்கிற கேள்விகள் இவை. நான் தமிழில் ராப் எழுதுகிறவன். புதிதாக எழுத வருகிறவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

ஹிப் ஹாப் என்றால் ராப் பாட்டுத்தானே?

ராப் அதில் ஒரு பகுதி. இசைத்தட்டைக் கையால் ஆளுகிற டிஜே, மைக் பிடித்துச் சொல்லடுக்குகிற எம்சி, தரையில் சுழன்று ஆடுகிற பி-பாய், பி-கேர்ள், சுவரில் எழுதுகிற கிராஃபிட்டி ஆள் என்று நான்கு பேரும் சேர்ந்ததுதான் ஹிப் ஹாப். அதில் முதலில் வந்தவர் டிஜே. ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்த நாலு வார்த்தை சொல்லத்தான் எம்சி மைக்கைப் பிடித்தார். அவர் நடுவுக்கு வந்து நின்றது பின்னால் நடந்த கதை.

இது எங்கே தொடங்கியது? அமெரிக்கப் பணக்காரக் கலாசாரம் என்கிறார்களே?

நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்கியது. அந்த நகரத்தில் மிகவும் கைவிடப்பட்டிருந்த இடங்களில் அது ஒன்று. 1948 தொடங்கி 1972 வரை அந்தப் பகுதியை ஊடறுத்து ஒரு பெரும் அதிவேக வீதியைக் கட்டினார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள், வேலைகளும் அவர்களோடு போயின. வாடகை வராத கட்டடங்களைக் காப்புறுதிக் காசுக்காக உரிமையாளர்களே கொளுத்திய சம்பவங்களும் நடந்தன. அந்த இடிபாடுகளுக்கு நடுவில் கறுப்பினப் பிள்ளைகளும், கரிபியன் தீவுகளிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற தொடர்மாடியின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்க முன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. இசை போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், எல்லோருக்கும் தெரிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க். வயது 18. பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அங்கே தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து இசை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்.

ஹெர்க் கவனித்தது ஒரு சின்ன விஷயம். பாட்டில் குரல் நின்று, மேளமும் பேஸும் மட்டும் தனியாக வரும் சில விநாடிகளில்தான் பிள்ளைகள் வெறிகொண்டு ஆடினார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று முடிய மற்றதை அதே இடத்திலிருந்து ஓடவிட்டு, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். பிரேக்குக்கு ஆடியவர்கள் பி-பாய் ஆனார்கள். நீண்ட அந்தத் தாளத்தின்மேல்தான் பேச்சு ஏறி உட்கார்ந்தது, ராப்பும் அங்கிருந்துதான் வளர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அந்த மாற்றலைத் துல்லியமாக்கினார். கிராண்ட் விசார்ட் தியடோர் தட்டை முன்னும் பின்னும் உரசி ஸ்கிராட்ச் ஓசையைக் கொண்டுவந்தார்.

பணக்காரக் கலாசாரம் என்று சொல்பவர்கள் இன்றைய காணொளிகளில் வரும் காரையும் சங்கிலியையும் மட்டும் பார்க்கிறார்கள். 2010க்குப் பிறகு கொழும்பின் வத்தைகள் எனப்படும் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பல குடும்பங்கள் உயரமான தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே வளர்கிற பிள்ளைக்கு அந்த 1973 விருந்து அந்நியமான கதையே இல்லை.

உலகம் முழுக்க இது எப்படிப் பரவியது?

முதலில் இசைத்தட்டுகள் வழியாக, பிறகு படங்கள், தொலைக்காட்சி, இணையம் வழியாக. ஆனால் போன இடங்களில் வேர்விட்டதற்கு ஊருக்கு ஊர் தனிக் காரணம் உண்டு. எனக்குப் பிடித்த சில ஊர்களைச் சொல்கிறேன்.

பிரான்ஸ்: 1994இல் வந்த ஒரு சட்டப்படி வானொலிகளில் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்கவேண்டும் என்றானது. அதை நிரப்பப் புதுப் பாட்டுகள் தேவைப்பட்டன. புறநகர்த் தொடர்மாடிகளில் பிரெஞ்சில் ராப் செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்தது. டக்காரில் பிறந்த எம்சி சோலார் அதற்கு முன்பே பிரெஞ்சில் ராப் செய்து பெயர் வாங்கியிருந்தார்.

பிரேசில்: சாவோ பாவுலோவின் விளிம்புப் பகுதிகளிலிருந்து வந்த ராசியோனாய்ஸ் குழு 1997இல் வெளியிட்ட ஓர் அல்பத்தை, காம்பினாஸ் பல்கலைக்கழகம் தன் நுழைவுத் தேர்வுக்குரிய வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் உயர்தரத் தமிழ்ப் பாடத்தில் ஒரு ராப் வரி வருவதை நினைத்துப் பாருங்கள்.

துனிசியா: எல் ஜெனரல் என்ற இளைஞர் 2010 இறுதியில் ஜனாதிபதியை நேராகக் கேள்வி கேட்கும் பாட்டை இணையத்தில் போட்டார். ஜனவரியில் கைது செய்தார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அதே மாதம் அந்த ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார்.

செனகல்தான் எனக்கு மிக நெருக்கம். 2011 ஜனவரியில், கரண்ட் கட் தாங்காமல், சில ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் டக்காரில் 'இனிப் போதும்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பதியச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். மூன்றாவது முறை பதவி கேட்ட ஜனாதிபதி 2012இல் தோற்றார். 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தமிழில் ராப் எப்போது வந்தது?

1994இல் ரஹ்மான் இசையமைத்த 'காதலன்' படத்தில் வந்த 'பேட்ட ராப்' பலருக்கு முதல் அறிமுகம். ஆனால் ராப்பை ராப்பாகவே எடுத்துத் தமிழில் நிலைநாட்டியது மலேசியா. கோலாலம்பூரிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' அல்பத்தை வெளியிட்டார். சினிமாவின் தயவில்லாமல் தமிழ் ராப் நிற்கும் என்று காட்டிய வேலை அது. பிறகு தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், ராப் பாடகர் அறிவு என்று வரிசை நீண்டது.

லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாக மறுபடி லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் முதல் அல்பத்தை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி போல், ரொறன்ரோவில் யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ராப் செய்கிறார். மிருதங்கச் சொற்கட்டுக்கும் ராப்புக்கும் இடையில் எவ்வளவு குறைந்த தூரம் என்று அதைக் கேட்டால் புரியும்.

2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இந்த நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாடு திரும்பியவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தது. அந்தச் சரித்திரம் பேரன் வாயில் பாட்டாக வந்து, உலகம் சுற்றி, கொழும்பு ஆட்டோக்களில் ஒலித்தது. தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு வந்து நிற்கிற ஒரு தம்பி அதைக் கேட்கும்போது என்ன நினைத்திருப்பான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கொழும்பில் யார் செய்தார்கள்?

சிங்களத்தில் 1998இலிருந்து பாத்தியா–சந்தூஷ் இருவரும், அப்புறம் இராஜ் வீரரத்னவும் ராப்பை வானொலிக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் 2000களின் நடுவில் கிரிஷான் மகேசன் கொழும்பிலிருந்து ராப் செய்தார். 2021இல் யோஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிக்கே மகே ஹிதே' தெற்காசியா முழுக்கப் போனது. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் போராட்டக் கிராமம் எழுந்தபோது அங்கே பைலாவும் ராப்பும் கலந்து கேட்டன. ஷிராஸ் ரூட்பாய் என்ற ராப் கலைஞர் அங்கு வந்த இடத்தில் திடீரென நோயுற்று இறந்துபோனார். அவர் பெயரை மறக்கக்கூடாது.

எந்தத் தமிழில் எழுதுவது? யாழ்ப்பாணத் தமிழா, மலையகத் தமிழா, சென்னைத் தமிழா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் மிக அக்கறையோடு பதில் சொல்வதும் இதற்குத்தான்.

உங்கள் வீட்டில் என்ன தமிழோ அதில் எழுதுங்கள். அம்மா "என்னடா கதைக்கிறாய்" என்று கேட்பவர் என்றால் அப்படி. "என்னா பேசுற" என்று கேட்பவர் என்றால் அப்படி. உம்மா, வாப்பா என்று கூப்பிடுகிறவர் அதை மாற்றவேண்டாம். தமிழ்நாட்டு ராப்பை நிறையக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மைக் பிடித்தவுடன் தங்களை அறியாமல் சென்னைக்காரர் ஆகிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெரினாவைப் பற்றி எழுதச் சென்னையில் ஆள் இருக்கிறார்கள். ஆமர் வீதிச் சந்தியைப் பற்றி எழுத நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

கொழும்பில் இதற்கு இன்னொரு கனமான காரணமும் உண்டு. பஸ்ஸில் போகும்போது தொலைபேசியில் தமிழில் பேசக் குரலைத் தாழ்த்திய காலம் இந்த நகரத்தில் இருந்தது. 1983 ஜூலையைக் கண்ட வீடுகளில் பிள்ளைகளுக்கு அது பழக்கமாகவே சொல்லிக் கொடுக்கப்பட்டது. வெளியே மெதுவாகக் கதை, பெயரைச் சுருக்கிச் சொல், பொட்டைத் துடைத்துவிட்டுப் போ. அந்தப் பழக்கம் இன்னும் பலருடைய தொண்டையில் இருக்கிறது. நான் வரி பார்க்கும் பிள்ளைகளில் சிலர் எழுதுவதை அருமையாக எழுதிவிட்டு, வாசிக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பார்கள். பொது இடத்தில் நிமிர்ந்து நின்று, தன் வீட்டுத் தமிழில், முழுக் குரலில், தன் தெருவின் பெயரைச் சொல்வது இந்த ஊரில் பெரிய காரியம். தமிழ் ராப் எங்களுக்குத் தருவதில் அதைவிட மேலானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

சிங்களச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலக்கலாமா என்றால், நீங்கள் பேசும்போது எவ்வளவு கலக்கிறீர்களோ அவ்வளவு கலக்கலாம். "எல கிரி மச்சான்" என்று தினமும் சொல்கிறவர் பாட்டில் மட்டும் செந்தமிழுக்குப் போகவேண்டியதில்லை.

தமிழ்ச் சொற்கள் நீளம். பீட்டுக்குள் அடங்குவதில்லையே?

அடங்கும். பீட் என்பது ராப்புக்குப் பின்னால் ஓடும் தாள இசை. சாதாரணமாக ஒரு வசனப்பகுதி 16 பார், அதாவது 16 தாளச் சுற்று. ஒரு பாருக்கு நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் அது சுமார் 43 விநாடி. அதற்குள் எவ்வளவு சொல்லமுடியும் என்று முதலில் பழகுங்கள்.

பிள்ளைகள் சறுக்குவது வரியின் முடிவில். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் 'கிறேன், கிறேன்' என்றே எல்லா வரியும் முடிந்துவிடும். உதாரணத்துக்கு:

மட்டக்குளி பஸ்ஸில் ஒரு காலில் நிற்கிறேன்
பட்டம் வாங்கி வேலை தேடி நானும் நடக்கிறேன்

எதுகை இருக்கிறது, முடிவும் ஒத்துவருகிறது. இருந்தாலும் எட்டு வரி இப்படிப் போனால் காது களைத்துவிடும். வினையை உள்ளே தள்ளிப் பெயர்ச்சொல்லைக் கடைசியில் வையுங்கள்:

மட்டக்குளி பஸ்ஸிலே மிதிபலகைதான் என் இடம்
பட்டம் வாங்கித் தந்துவிட்டுப் போனது அம்மா வடம்

இப்போது இடமும் வடமும் மோதுகின்றன. அம்மாவின் நகை செட்டியார் தெருவில் போன கதையும் சொல்லாமலே வந்துவிட்டது.

ஃபுளோவுக்கு, அதாவது சொல் தாளத்தோடு ஓடுகிற ஓட்டத்துக்கு, ஒரு வழி. சொல்லைத் தேடமுன் சந்தத்தைப் பிடியுங்கள். பீட்டைப் போட்டுவிட்டு 'தத்தத்தன தத்தத் தனதன' என்று வாயால் ஓட்டிப் பாருங்கள். பிடித்த ஓட்டம் கிடைத்ததும் அதற்குள் சொல்லை ஊற்றுங்கள். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் சந்தக் குழிப்புக்குள் திருப்புகழைக் கட்டினார். 'முத்தைத்தரு பத்தித் திருநகை'யை மூச்சுவிடாமல் ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்று அதுவே கற்றுத்தரும். கோயிலில் தேவாரம், திருப்புகழ் படித்த பிள்ளைகளும், மத்ரசாவில் ஓதிப் பழகிய பிள்ளைகளும் மூச்சுக்கட்டில் மற்றவர்களைவிட முன்னுக்கு நிற்பதை நான் கவனித்திருக்கிறேன்.

என் மகன் உயர்தரம் படிக்கிறான். இதில் இறங்கிக் கெட்டுப்போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயத்தைக் குறைவாக நினைக்கவில்லை. ராப்பில் போதையையும் பெண்களை இழிவுபடுத்துவதையும் பெருமையாகப் பாடுகிற பாட்டுகள் இருக்கின்றன. அவற்றை நான் ஆதரிப்பதில்லை, பிள்ளைகளிடமும் அதைச் சொல்கிறேன். ஆனால் 2018இல் புலிட்சர் இசைப் பரிசு வாங்கியது கென்ட்ரிக் லமாரின் ராப் அல்பம் என்பதையும் நீங்கள் அறியவேண்டும். எது எந்தப் பக்கம் என்பது எழுதுகிறவன் கையில் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். அவன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். உங்களிடம் நேரே சொல்லத் தெரியாத விஷயம் அதில் இருக்கலாம். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பதிவும் மேடையும் வேண்டாம் என்றால் நியாயம்தான். எழுதுவதை மட்டும் தடுக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா?

முதல் விருந்தையே ஒரு தங்கைதான் ஏற்பாடு செய்தார். 1979இல் ராப்பை முதன்முதலாகப் பெரிய அளவில் இசைத்தட்டாக விற்ற நிறுவனத்தை நடத்தியவர்களில் முன்னின்றவர் சில்வியா ராபின்சன். ரொக்ஸான் ஷான்டே 1984இல் 14 வயதில் மைக்கைப் பிடித்தார். சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசைப் பற்றி 2015இல் ராப் செய்தார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் முன்னாள் தொழிலாளர்களோடு இணக்கத்துக்கு வந்தது. தொழிலாளர்களின் நீண்ட போராட்டம் அது, அந்தப் பாட்டு அதை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது.

கொழும்பில் தடையாக இருப்பது நேரமும் பயணமும். சந்திப்பை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று ஆண்கள் சொல்கிறார்கள். சனிக்கிழமை காலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வருவார்கள்.

பிரேக் டான்ஸ்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. ஜப்பானின் அமி, கனடாவின் பில் விசார்ட் இருவரும் தங்கம் வென்றார்கள். 2028இல் இல்லை. வெறும் சீமெந்துத் தரையில் தலையால் சுழலப் பழகவேண்டாம். பாய் அல்லது தடித்த அட்டை போட்டு, தெரிந்த ஒருவரோடு பழகுங்கள்.

சுவரில் வரையலாமா?

உரிமையாளரின் அனுமதி இருந்தால். 2019 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரைந்தது நினைவிருக்கும். கொழும்புச் சுவர்களில் தமிழ் எழுத்து அழகாக வரைந்த ஓவியங்களை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். 'ழ'வையும் 'ஞ'வையும் விடக் கிராஃபிட்டிக்குத் தோதான எழுத்து எங்கே இருக்கிறது?

உண்மையை எழுதினால் பிரச்சினை வருமா?

வரலாம். மறைக்கமாட்டேன். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பு காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறை. 2024இலிருந்து இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், நீங்கள் கண்டதை எழுதுங்கள். ஒருவர் மீது நிரூபிக்கமுடியாத குற்றத்தைப் பெயர் சொல்லி ஏற்றவேண்டாம். ஓர் இனத்தையோ மதத்தையோ வெறுக்கத் தூண்டும் வரி வேண்டவே வேண்டாம். அதைச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அந்த வெறுப்பு என்ன செய்யும் என்று இந்த நகரம் பார்த்திருக்கிறது. வெளியிட முன் சந்தேகம் இருந்தால் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

ஸ்டூடியோவுக்குக் காசில்லை. என்ன செய்வது?

கைத்தொலைபேசி போதும். பேண்ட்லேப் செயலி இலவசம், கணினி இருந்தால் ஒடாசிட்டியும் இலவசம். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்தபடி பதிந்தால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். காலி வீதிப் பக்கத்து வீடு என்றால் இரவு பதினொரு மணிக்குப் பிறகு பதியுங்கள்.

பீட் விஷயத்தில் கவனம். யூடியூபில் இலவசம் என்று போட்டிருக்கும் பெரும்பாலான பீட்டுகளை, வருமானம் எடுக்காதவரைதான் பாவிக்கலாம். காசுக்கு விடுவதென்றால் உரிமம் வாங்கவேண்டும். பழைய சினிமாப் பாட்டை வெட்டி எடுத்தாலும் அதேதான். இலங்கையின் 2003 புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை இருக்கும். பறை, உடுக்கு, ரபான், தப்பு வாசிக்கிற ஒருவர் உங்கள் குடும்பத்திலோ அயலிலோ இருந்தால் அவரையே வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். பிரச்சினையும் இல்லை, வேறு எவரிடமும் இல்லாத பீட்டும் கிடைக்கும்.

சைபர் என்கிறார்களே, அதில் எப்படிச் சேர்வது?

வட்டமாக நின்று ஆளுக்கு ஆள் மாறி ராப் செய்வதுதான் சைபர். ஒரு சின்ன ஒலிபெருக்கி போதும், அதுவும் இல்லையென்றால் ஒருவர் வாயால் பீட் போடலாம். காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், வெள்ளவத்தைக் கடற்கரை என்று எங்கேயும் நடக்கலாம். காவலர் வந்து கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லி, சத்தத்தைக் குறைத்துத் தொடருங்கள்.

விதிகள் குறைவு. ஒருவர் சொல்லும்போது குறுக்கே போகாதீர்கள். தடுமாறினால் கைதட்டி அடுத்த வரிக்குத் தூக்கிவிடுங்கள். எழுதிப் பாடமாக்கிய வரியைச் சொல்வது குற்றமில்லை. சிங்களத்தில் ஒருவர் முடித்த இடத்திலிருந்து நீங்கள் தமிழில் தொடங்குங்கள். அவருக்கு உங்கள் வரி முழுக்க விளங்காது. ஆனால் தாளம் விளங்கும், நீங்கள் சொன்ன தெருப் பெயர் விளங்கும். அடுத்த வாரம் அவரே வந்து "அந்த வரிக்கு என்ன அர்த்தம் மச்சான்" என்று கேட்பார்.

முதல் பாட்டை எப்போது வெளியிடலாம்?

மூன்று பேருக்கு முன்னால் தாளைப் பார்க்காமல், முழுக் குரலில், கடைசி வரை சொல்லமுடிந்தால் வெளியிடலாம். அந்த மூவரில் ஒருவராவது வீட்டுப் பெரியவராக இருக்கட்டும். வரிகளையும் தமிழில் தட்டச்சுசெய்து காணொளிக்குக் கீழே போடுங்கள். வெளிநாட்டில் வளர்கிற உங்கள் மாமா மாமியின் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கூடப் பாடுவார்கள்.